பயோசாண்ட் மணல் வடிகட்டி: சபைகள் கொண்டுவரும் சிமென்ட் பெட்டியை நம்பிக் குடிக்கலாமா?

இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமென்ட் பெட்டி. உள்ளே மணல். மேலே குளத்துத் தண்ணீரை ஊற்றினால் முன்பக்கக் குழாயில் தெளிந்த தண்ணீர் வரும். கரண்டு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் வாங்கி மாற்ற வேண்டிய கேண்டிலும் கிடையாது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வடிவம் இது. சாலை முடிந்து போகும் இடத்துக்கும் அப்பாலுள்ள கிராமங்களுக்கு இதை எடுத்துச் சென்றவர்களில் பெரும்பங்கு கிறிஸ்தவ அமைப்புகளுக்கு உண்டு. சமாரிட்டன்ஸ் பர்ஸ் அமைப்பின் கனடா பிரிவு உள்ளூர்க் கூட்டாளிகள் வழியாகக் கம்போடியா உட்படப் பல நாடுகளில் இதை வீடு வீடாக வைத்தது. ஹெய்ட்டியில் கிளீன் வாட்டர் ஃபார் ஹெய்ட்டி என்ற மிஷன் அங்கேயே வார்த்து அங்கேயே கொடுத்தது. மான்ஸும் கமில் டவ் பேக்கரும் 2001இல் தொடங்கிய காஸ்ட் (CAWST) என்ற அமைப்பு சபை சார்ந்ததல்ல. ஆனால் சபைகள் கையில் வைத்திருக்கும் வரைபடமும் பயிற்சி ஏடும் பெரும்பாலும் அது இலவசமாக வெளியிட்டவைதான்.

பெட்டியை ஒரு தராசிலும், அதைக் கொண்டுவந்து வைக்கும் சபையின் வேலையை இன்னொரு தராசிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டிக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் போடலாம். வேலைக்கு ஊருக்கு ஊர் மதிப்பெண் மாறும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் தானாகப் புரியும்.

மணல் அழுக்கைச் சலிக்கிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. மணலின் மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நுண்ணுயிர்கள் குடியேறி ஒரு படலம் உருவாகும். புதிதாக வரும் நோய்க்கிருமிகளை அவையே தின்று தீர்க்கின்றன. இந்த உயிர்ப்படலம் முழுதாக உருவாக ஏறக்குறைய 30 நாள் ஆகும். அதுவரை மணல் தடுத்து நிறுத்துவதை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால் பாக்டீரியாவில் 30 முதல் 70 சதவீதம்தான் குறையும். படலம் உயிரோடிருக்க ஈரமும் காற்றும் வேண்டும். அதனால்தான் தண்ணீர் வழிந்து நின்ற பிறகும் மணலுக்கு மேல் 5 செ.மீ. தண்ணீர் தேங்கி நிற்கும்படி வெளிக்குழாயின் உயரத்தை அமைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஆழம் கூடினால் ஆக்ஸிஜன் அடியில் போய்ச் சேராது. குறைந்தாலோ ஊற்றும் தண்ணீரின் வேகம் படலத்தைக் கிளறிவிடும், வெயில் நாளில் காய்ந்தும் போகும். 4 முதல் 6 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு அளவை ஸ்கேல் வைத்துப் பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்பதை வைத்தே அந்த ஊர்த் திட்டத்தைப் பாதி எடைபோட்டுவிடலாம்.

வார்ப்பு கடினமான வேலை அல்ல. வெல்டிங் பட்டறையில் செய்த இரும்பு அச்சு ஒன்று வேண்டும். ஒரு பெட்டிக்குச் சிமென்ட் 12 லிட்டர், மணல் 24 லிட்டர், 6 மி.மீ. கல் சிப்ஸ் 12 லிட்டர், 12 மி.மீ. ஜல்லி 12 லிட்டர், தண்ணீர் 7 முதல் 10 லிட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றில் மூன்று பெட்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். அச்சுக்குச் சமையல் எண்ணெய்தான் தடவ வேண்டும். வண்டியில் வடித்த கழிவு ஆயிலைத் தடவினால் அது சிமென்டில் ஊறி, குடிக்கிற தண்ணீருக்கு வந்துவிடும். காசு மிச்சம் என்று அதைத் தடவும் பட்டறைகள் உண்டு, கேட்டுப் பார்த்துவிட வேண்டும். கலவை போடும்போது அச்சின் பக்கங்களை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றுக்குமிழ் வெளியேறும். தட்டாத பெட்டி கசியும். மறுநாள் அச்சைப் பிரித்து, ஐந்து முதல் ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நீராற்ற வேண்டும். ஓர் அச்சில் நாளைக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். 50 பெட்டி வேண்டுமென்றால் இரண்டு அச்சோடு ஒரு மாதம். வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் வந்து போகும் இளைஞர் குழுவை வைத்து இந்த வேலையைத் திட்டமிடும் சபைகள் இங்கேதான் தடுமாறுகின்றன. ஏழாவது நாள் அவர்கள் கிளம்பும்போது முதல் பெட்டியே முழுதாக இறுகியிருக்காது.

கவனத்தையெல்லாம் மணலில் செலுத்த வேண்டும். கெட்டுப்போன வடிகட்டியைத் திறந்து பார்த்தால் பழுது பெரும்பாலும் மணலில்தான் இருக்கும். கருங்கல்லை உடைத்த மணலே முதல் தேர்வு. ஆற்று மணலில் சாணமும் செடிகொடியின் மக்கும் கலந்திருக்கும். கடற்கரை மணலில் உப்பு. காய்ந்த மணலை மூன்று சல்லடையில் வரிசையாகச் சலிக்க வேண்டும்: 12 மி.மீ., 6 மி.மீ., கடைசியாக இஞ்சுக்கு 24 கண் உள்ள கம்பிவலை. அந்தக் கடைசி வலையின் கண் 0.7 மி.மீ. அளவு. அதன் வழியே விழுவது வடிகட்டும் மணல். அதற்கு மேல் நிற்பது, 6 மி.மீ. வரை, பிரிப்பு ஜல்லி. 6 முதல் 12 வரை உள்ளது அடி ஜல்லி. கொசுவலையை வைத்துச் சலித்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அதன் கண் பெரிது, பருமணல் உள்ளே போகும், தண்ணீர் வேகமாக ஓடிவிடும்.

அடுத்து அலசுவது. ஜல்லி இரண்டையும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். வடிகட்டும் மணலை அப்படி அலசக் கூடாது. நல்ல மனதோடு வேலைக்கு வரும் பெண்கள் குழு அரிசி களைவது போல மணலையும் தெளியத் தெளியக் களைந்து வைத்துவிடும். அப்போது வேண்டிய பொடியும் சேர்ந்து போய்விடும். மிச்சமிருக்கும் பருமணலில் கிருமி நிற்காது. எத்தனை தடவை அலசினால் சரி என்பது குவாரிக்குக் குவாரி மாறும். மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மணலும் அதே அளவு தண்ணீரும் போட்டுச் சுழற்றி நிறுத்தி, நான்கு வரை எண்ணிவிட்டுப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மணலின் மேற்பரப்பு அப்போதுதான் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் சரி. நீர் பளிச்சென்று இருந்தால் அதிகம் அலசிவிட்டார்கள். எதுவுமே தெரியாவிட்டால் இன்னும் ஒரு தடவை. எத்தனை அலசலில் இந்த நிலை வந்தது என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, அந்தக் குவாரி மணல் தீரும்வரை அதே எண்ணிக்கையில் அலசலாம். குவாரி மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

வீட்டில் பெட்டியை வைக்கும் இடம் சமதளமாக, நிழலில், கோழியும் ஆடும் குழாயில் வாய்வைக்க முடியாத மூலையாக இருக்கட்டும். மணல் நிரப்பிய பிறகு இது நூறு கிலோவுக்கு மேல் போகும். இழுத்து நகர்த்தினால் மணல் இறுகி ஓட்டம் குறைந்துவிடும். எனவே எங்கே வைப்பது என்பதை வீட்டுப் பெண்ணிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். போதகர் வாசலில் காட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனால், தினம் குடம் தூக்குகிறவர் அதை மறந்துவிடுவார். உள்ளே முதலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டே ஜல்லியும் மணலும் போட வேண்டும். உலர்ந்த பெட்டியில் மணலைக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றினால் காற்று மாட்டிக்கொண்டு ஓட்டத்தைக் கெடுக்கும். அடி ஜல்லி 5 செ.மீ., பிரிப்பு ஜல்லி 5 செ.மீ., அதன்மேல் மணல் ஏறக்குறைய 54 செ.மீ. தேங்கும் தண்ணீரின் ஆழத்தை மணலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்யலாம். மணலுக்கு மேலே 3 மி.மீ. துளைகள் போட்ட தட்டு. ஊற்றும் தண்ணீர் மணலில் குழி பறிக்காமல் இது காக்கிறது. இந்தத் தட்டைச் சில வீடுகளில் முறமாகவோ மூடியாகவோ வேறு வேலைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வடிகட்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டு வருகைக்குப் போகிறவர் முதலில் தூக்கிப் பார்க்க வேண்டியது மூடியையும் இந்தத் தட்டையும்தான்.

ஓட்ட வேகத்துக்கு ஒரே சோதனை. பெட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு ஒரு லிட்டர் பாத்திரத்தைக் குழாயடியில் வைத்து நேரம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 0.4 லிட்டர்தான் உச்சம், அதாவது ஒரு லிட்டர் நிறைய இரண்டரை நிமிடமாவது ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் நிறைந்தால் அந்த வடிகட்டியை ஒப்படைக்கக் கூடாது, வீட்டுக்காரர் எவ்வளவு சந்தோஷப்பட்டாலும். மெதுவாக வருவதில் ஆபத்தில்லை. ஆனால் பொறுமை இழந்து விட்டுவிடுவார்கள்.

புழக்கத்தில் முக்கியமானவை சில. ஒரு ஊற்றுக்கு 12 லிட்டர். மணலின் இடுக்குகளில் தேங்கும் அளவும் கிட்டத்தட்ட அதுவே, ஆகவே இன்று ஊற்றும்போது வெளியே வருவது முந்தைய ஊற்றில் உள்ளே இருந்து சுத்தமான தண்ணீர். ஓட்டம் நின்றபின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு, அதிகபட்சம் 48 மணி நேரம். கம்போடியாவில் இங்கேதான் சிக்கல் வருகிறது. அங்கே வீட்டு முற்றங்களில் பெரிய சிமென்ட் ஜாடிகளில் மழைநீர் பிடிப்பார்கள். மழைக்காலம் முழுக்க அதைக் குடித்துவிட்டு, குளத்துத் தண்ணீருக்கு மாறும் கோடையில் வடிகட்டியைத் தேடுவார்கள். இடையில் படலம் செத்திருக்கும். மழைக்காலத்திலும் தினம் ஒரு வாளி ஊற்றச் சொல்ல வேண்டும். ஒரே இடத்துத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவது இன்னும் நல்லது. படலம் எந்த நீருக்குப் பழகியதோ அதில்தான் நன்றாக வேலை செய்யும்.

கலங்கல் நீரை நேராக ஊற்றக் கூடாது. 50 என்டியு (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும். கருவி தேவையில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி, பெரிய எழுத்து அச்சிட்ட தாளின்மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்து, எழுத்து தெரியாவிட்டால் முதலில் தெளியவைக்க வேண்டும். படிகாரம் போதும். நம் பக்கத்தில் குடத்தின் உட்புறம் தேய்த்த தேத்தாங்கொட்டை செய்ததும் இதே வேலைதான்.

ஓட்டம் நிமிடத்துக்கு 0.1 லிட்டருக்குக் கீழே போனால் சுத்தம் செய்ய வேண்டும். தட்டை எடுத்துவிட்டு நாலு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் மணலின் மேற்பரப்பை மட்டும் லேசாகச் சுழற்றிக் கலக்கி, கலங்கிய நீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். ஓட்டம் திரும்பும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் வடிகட்டியின் மணலை வெளியே எடுத்துக் கழுவுவது கூடாது. சுத்தம் செய்தபின் சில நாட்களுக்குத் தரம் குறையும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் நல்லெண்ணத்தில் செய்யும் மூன்று தவறுகள் வடிகட்டியைக் கொல்லும். குழாய் முனையில் பைப் மாட்டிக் கீழே இறக்குவது முதல் தவறு. சைபன் ஆகி உள்ளிருக்கும் தண்ணீர் முழுவதும் வடிந்து படலம் காய்ந்துவிடும். திருகு குழாய் பொருத்துவது அடுத்தது. மூடிவைத்தால் தேங்கும் நீர் 5 செ.மீட்டருக்கு மேல் ஏறும். மூன்றாவது, கிருமி சாகட்டும் என்று மேலே பிளீச்சிங் ஊற்றுவது. குளோரினுக்கு இடம் வெளியே வந்த தண்ணீரில்தான். அங்கே அது கட்டாயம் வேண்டும் என்றே சொல்லலாம். 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா பரவியது ஆர்ட்டிபோனிட் ஆற்றின் வழியாக. அப்படியான நேரத்தில் மணலை மட்டும் நம்பியிருக்க முடியாது.

செயல்திறன் பற்றி வாய்வார்த்தை தேவையில்லை. பாக்டீரியா நீக்கம் ஆய்வகத்தில் 96.5 சதவீதம் வரை, வீடுகளில் அளந்தபோது 87.9 முதல் 98.5 வரை. ஒற்றைச் செல் உயிரிகளான புரோட்டோசோவாக்கள் 99.9 சதவீதத்துக்கு மேல் நீங்குகின்றன. வைரஸில் 70இலிருந்து 99 வரை அலைகிறது, அது பலவீனம். டொமினிக்கன் குடியரசின் போனாவோவில் நடந்த ஆய்வில் வடிகட்டி வைத்த வீடுகளில் வயிற்றுப்போக்கு 47 சதவீதம் குறைவு. கம்போடியாவில் 336 வீடுகளுக்குப் போய்ப் பார்த்தபோது 87.5 சதவீத வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சில பெட்டிகளுக்கு எட்டு வயது. வீட்டு அளவிலான தண்ணீர்க் கருவிகளில் இது அபூர்வமான எண்.

ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் 107 வீடுகளில் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: குழாய் முனையில் சுத்தமாக இருந்த தண்ணீர், சேமிக்கும் வாளியில் மறுபடி அசுத்தமாகிறது. கை நுழையாத குறுகிய வாயும் அடியில் குழாயும் உள்ள கேன் ஒன்றைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்காத திட்டத்தை அரைகுறை என்றே சொல்ல வேண்டும். அந்தக் கேனின் விலைக்காக மிச்சம் பிடிப்பது மிகப் பெரிய தப்பு.

கரைந்திருப்பதை இது நீக்காது. உப்பு, பூச்சிமருந்து, ஃபுளோரைடு எல்லாம் அப்படியே வெளியே வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்குழாய் நீரை இதில் ஊற்றிக் குடித்தால் பல்லில் கறை விழுவது நிற்காது. கம்போடியாவில் காண்டால் மாகாணத்துக் குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் இருக்கிறது. அங்கே குளத்து நீரை இதில் ஊற்றலாம், கிணற்று நீரை ஊற்றக் கூடாது. நேபாளத்தில் இதே பெட்டியின் மேல்தட்டில் 5 கிலோ இரும்பாணி போட்டு ஆர்சனிக்கைப் பிடிக்கும் காஞ்சன் வடிகட்டியை உருவாக்கினார்கள். அது தனிப் பொருள், தனிச் சோதனை வேண்டும். தெளிவாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் "நல்ல தண்ணீர்" என்று ஆலயத்தில் அறிவிப்பது ஆபத்து. கிணற்று நீரை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்.

மாற்றுகளில், மண்பானை வடிகட்டி மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் தரும், கழுவும்போது உடையும். நுண்ணிய குழல் போன்ற இழைகளால் ஆன குழல்நார் வடிகட்டிகள் சின்னதாகக் கைக்கடக்கமாக இருக்கும், மலைமேல் தூக்கிப்போக வசதி. ஆனால் ஊசிக்குழலால் (சிரிஞ்ச்) பின்னோக்கிக் கழுவ வேண்டும், அந்த ஊசிக்குழல் தொலைந்த வாரமே வடிகட்டியும் தொலைந்த மாதிரி. இதே தத்துவத்தில் பிளாஸ்டிக் கூடாக வரும் ஹைட்ரைடு, லாரி போகாத ஊருக்கு நல்ல தேர்வு. சிமென்ட் கிடைக்கிற ஊரில் சிமென்டே மேல், ஏனென்றால் பழுதை உள்ளூர்க் கொத்தனாரே பார்ப்பார்.

இனி சபையின் பங்கு. இதற்குச் சபை பொருத்தமான இடம் என்பதில் சந்தேகமில்லை. திட்டப்பணியாளர் மூன்று வருடத்தில் மாறிப்போவார். சபை அங்கேயே இருக்கும், வாரம் ஒருமுறை கூடும், மூப்பர்களுக்கு எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். இந்த வடிகட்டிக்கு வேண்டியது அதுதான்: வைத்த மறுவாரம் ஒரு வருகை, 30ஆம் நாள் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு. ஒவ்வொன்றும் அரைமணி நேரம். தேங்கும் நீரின் ஆழம், ஓட்டம், தட்டு, கேன், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய நாள், இவ்வளவையும் நோட்டில் எழுதினால் போதும்.

நன்றாக நடத்தும் சபைகள் வீட்டாரிடமும் பங்கு கேட்கின்றன. மணல் அலசும் ஒரு நாள் உழைப்பு, பெட்டியைத் தூக்கிவர நாலு ஆள், கூடவே ஒரு சிறு தொகை. முழு இலவசமாக இறக்கிய பெட்டியில் நெல் கொட்டிவைத்திருப்பதைப் பார்க்க நேரும். கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகக் கேட்டால் மிக ஏழை வீடு விட்டுப்போகும். அவர்களிடம் உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வதே சரி.

சபை நடத்துவதில் ஒரு குற்றம் மட்டும் மன்னிக்க முடியாதது. சபைக் குடும்பங்களுக்கு முதலில், பிறகு "வர விரும்புகிறவர்களுக்கு" என்று பட்டியல் போடுவது. கம்போடியக் கிராமம் ஒன்றில் பெரும்பாலான வீடுகள் புத்த மதத்தைச் சேர்ந்தவை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேதி என்றால் அதே வாய்க்காலும் அதே முற்றமும் உங்கள் பிள்ளைக்கும் அதைக் கொண்டுவரும். பட்டியலை ஊர்த்தலைவரோடும் சுகாதார ஊழியரோடும் உட்கார்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளை முதலில் வைத்து எழுத வேண்டும். வருகைக்குப் போகிறவர் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு வரட்டும். ஜெபம் செய்யச் சொல்லி வீட்டார் கேட்டால் அது அவர்கள் விருப்பம். வடிகட்டியை அதற்கு நுழைவுச் சீட்டாக்கக் கூடாது.

உங்கள் சபையோ மறைமாவட்டமோ இப்படியொரு திட்டத்துக்குக் காணிக்கை கேட்டால், எத்தனை பெட்டி வைத்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். போன வருடம் வைத்ததில் இன்று எத்தனை ஓடுகிறது, வருகை நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நிறைய நின்றுபோயிருந்தால் புதிதாக வார்க்கத் தேவையில்லை. சிமென்ட் பெட்டி லேசில் கெடுவதில்லை. மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து, தனித்தனியாகச் சலித்து, பாட்டில் சோதனையோடு மறுபடி அலசி, தண்ணீருக்குள் போட்டு, இரண்டரை நிமிடக் கணக்கைப் பார்த்துவிட்டு, மூடியில் அன்றைய தேதியைச் சுண்ணாம்பால் எழுதுங்கள். அதிலிருந்து 30 நாள் கொதிக்கவைத்தோ குளோரின் போட்டோ குடிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.